கணக்குப் படித்த பிள்ளை கன்னியர் மடத்துக்குப் போகலாமா?

எங்கள் பங்கில் ஒரு பெண். பி.காம். முடித்து, சி.ஏ. இன்டர் தேறி, ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். வருகிற ஜூன் மாதம் ஒரு கன்னியர் சபையில் சேரப் போகிறாள். விஷயம் வெளியே தெரிந்ததிலிருந்து ஞாயிறு பூசை முடிந்து வருகிற ஆட்களில் பாதிப் பேருக்கு இதே பேச்சுதான். "நர்ஸிங் படிச்ச பிள்ளைன்னா ஆஸ்பத்திரியில போடுவாங்க, பி.எட். படிச்ச பிள்ளைன்னா பள்ளிக்கூடத்துல போடுவாங்க. கணக்குப் படிச்ச பிள்ளையை வச்சு மடத்துல என்ன அண்ணாச்சி செய்வாங்க?" என்று என்னிடமே கேட்டார்கள். முப்பத்தாறு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன், இவனிடம் பதில் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். இருக்கிறது. ஆனால் கோயில் வாசலில் வெயிலில் நின்று சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

"படிப்பு வீணாப் போச்சே" என்கிறார்கள். என் அபிப்பிராயம் நேர் எதிர். கணக்கும் நிர்வாகமும் தெரிந்த பிள்ளைகள் துறவறத்துக்கு வராமல் இருப்பதால்தான் நம் சபைகளில் பல காரியங்கள் வீணாகின்றன.

மடம் என்றால் ஜெபமாலை, தியானம், மௌனம் என்றுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. ஒரு நடுத்தரமான சபையை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பள்ளிக்கூடம், இரண்டு ஹாஸ்டல், ஒரு சின்ன ஆஸ்பத்திரி, ஒரு முதியோர் இல்லம், யாரோ புண்ணியவான் எழுதிவைத்த தென்னந்தோப்பு. இத்தனைக்கும் சம்பளப் பட்டியல் போட வேண்டும், பி.எஃப். கட்ட வேண்டும், வீட்டு வரி, வேன் இன்சூரன்ஸ், வயதாகிப் படுத்துவிட்ட சிஸ்டர்களின் மருந்துச் செலவு. எல்லாவற்றையும் தலையில் தாங்குகிறவர் பொருளாளர் சிஸ்டர். பல இடங்களில் அவர் அதுவரை தமிழோ உயிரியலோ நடத்திக்கொண்டிருந்தவர். மாறுதல் கடிதத்தில் ஒரு வரி வந்திருக்கும், அவ்வளவுதான் அவர் பெற்ற பயிற்சி. நாற்பத்தைந்து வயதில் டேலி கற்றுக்கொண்டு, ராத்திரி ஜெபம் முடிந்த பிறகு வவுச்சரோடு மல்லுக்கட்டுகிற சிஸ்டர்களை எனக்குத் தெரியும். அவர்கள் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு.

நான் மேலாளராக இருந்த ஒரு கிளைக்கு ஒரு நாள் இரண்டு சிஸ்டர்கள் மஞ்சள் பையில் ஒரு வைப்புநிதி ரசீதைக் கொண்டுவந்தார்கள். அலமாரியைச் சுத்தம் செய்யும்போது கிடைத்ததாம். முதிர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ரசீது மடத்தின் பேரில் இல்லை, அந்தக் காலத்து மதரின் சொந்தப் பேரில் இருந்தது. மதரோ கல்லறைத் தோட்டத்தில். நாமினேஷன் கிடையாது. அந்தப் பணம் ஹாஸ்டல் பிள்ளைகளின் ஓட்டுக் கூரையை மாற்றுவதற்காக யாரோ கொடுத்த நன்கொடை என்று சிஸ்டர்களுக்குத் தெரியும். வங்கிக்குத் தெரியாதே! சட்டம் வாரிசு யார் என்றுதான் கேட்கும். மதரின் அண்ணன் மக்கள் மூன்று ஊர்களில் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க எட்டு மாதம் ஆயிற்று. அதில் ஒருவர், "எங்களுக்கு இதுல என்ன கிடைக்கும்?" என்று கேட்டே விட்டார். அந்த மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகள் ஒழுகுகிற கூரைக்குக் கீழேதான் படுத்தார்கள். யாரும் திருடவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. கணக்கு தெரிந்த ஓர் ஆள் அந்த வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் திருச்சபைச் சட்டம் இந்த விஷயத்தில் ரொம்பக் கறாரானது. 1983-ஆம் ஆண்டு சட்டத் தொகுப்பைப் புரட்டிப் பார்த்தால் ஆடிட்டர் யாரோ உட்கார்ந்து எழுதியது மாதிரி இருக்கும். சபைத் தலைவர் வேறு, பொருளாளர் வேறாக இருக்க வேண்டும் என்கிறது 636-ஆம் எண். எங்கள் வங்கியில் சாவியை இரண்டு பேரிடம் கொடுத்துவைத்த அதே தத்துவம். 1284-ஆம் எண் வரவு செலவைப் புத்தகத்தில் ஒழுங்காக எழுது, வருஷக் கடைசியில் அறிக்கை தயார் செய், ஒரு நல்ல குடும்பத் தலைவனின் கவனத்தோடு நிர்வகி என்கிறது. 1286 வேலையாட்களுக்கு நாட்டின் தொழிலாளர் சட்டப்படி நியாயமான கூலி கொடுக்கச் சொல்கிறது. இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் உயில் எழுதிவைக்க வேண்டும் என்பது 668-ஆம் எண். அந்த மதரும் எழுதித்தான் வைத்திருப்பார். எந்தப் பெட்டியில் வைத்தார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே சட்டத் தொகுப்பு, குருக்களும் துறவிகளும் தகுந்த மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது என்றும் தடுக்கிறது. தனக்காகவும் கூடாது, பிறருக்காகவும் கூடாது. ஆக, வியாபாரத் திறமை வேண்டும், வியாபாரம் கூடாது. முரண்பாடாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வியாபாரி கணக்குப் பார்ப்பது தனக்கு என்ன மிஞ்சும் என்று தெரிந்துகொள்ள. துறவி கணக்குப் பார்ப்பது அடுத்தவன் கொடுத்தது அடுத்தவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள. நூல் ஒன்றுதான், கட்டுகிற மூட்டை வேறு. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவருக்குச் சொந்தப் பணம் இல்லை. அதனாலேயே அவர் கையில் இருக்கிற ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவருடையது. சொந்தப் பணத்தைத் தொலைத்தால் வீட்டுக்காரியோடு சண்டை, அதோடு போயிற்று. அடுத்தவர் பணம் அப்படியா?

வரலாற்றில் இதற்கு உதாரணம் தேடிக் கஷ்டப்பட வேண்டாம். இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை முதன்முதலில் அச்சுப் புத்தகத்தில் விளக்கியவரே ஒரு பிரான்சிஸ்கன் துறவி. லூக்கா பச்சோலி என்று பேர். வெனிஸ் நகரில் 1494-இல் வந்த அவருடைய கணிதப் புத்தகத்தில் அது ஒரு பகுதி. டெபிட், கிரெடிட் என்று நாங்கள் ஆயுசு முழுக்க அடித்த ஜல்லி ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த ஒரு சாமியார் புத்தகத்தில் அச்சேறியது! வங்கியில் ஒருத்தரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. அவிலா தெரசம்மாளை நாம் காட்சி கண்ட புனிதை என்று மட்டும் படத்தில் பார்க்கிறோம். அந்த அம்மாள் துணி வியாபாரியின் பேத்தி. 1562-இல் தொடங்கிப் பதினேழு மடங்களை உண்டாக்கினார். வீடு பார்க்க வேண்டும், விலை பேச வேண்டும், கடன் வாங்க வேண்டும், வழக்கு வந்தால் சமாளிக்க வேண்டும். செவில் நகரத்தில் மடத்துக்கு வீடு கிடைக்காமல் திண்டாடியபோது அமெரிக்காவிலிருந்து திரும்பிய தம்பி லொரென்சோவின் பணம் கைகொடுத்தது. தியானத்தைப் பற்றி எழுதிய அதே கைதான் வீட்டுப் பத்திரத்தையும் சரிபார்த்திருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். இன்றைய ஜார்க்கண்டில் ராஞ்சியைச் சுற்றியுள்ள சோட்டா நாக்பூர் பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே முண்டா பழங்குடி மக்கள் ஜமீன்தாரிடமும் வட்டிக்காரரிடமும் நிலத்தை இழந்துகொண்டிருந்தார்கள். சேசு சபையைச் சேர்ந்த ஹாஃப்மன் அடிகளார் என்ற ஜெர்மானியர் அங்கே வேலை செய்தார். அந்த மக்களின் மொழியைக் கற்று அகராதி வேலையில் இறங்கியவர். முண்டாரி கலைக்களஞ்சியம் என்ற பல தொகுதி நூல் அவர் பேர் சொல்லும். ஆனால் மொழியோடு அவர் நிற்கவில்லை. பழங்குடியினர் நிலத்தைப் பாதுகாத்த 1908-ஆம் ஆண்டு சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் உருவானதில் அவருடைய பங்கு உண்டு.

சட்டம் வந்தால் போதுமா? நிலத்தை விற்க முடியாது என்று சட்டம் சொல்லலாம். விதை நெல்லுக்கும் கல்யாணத்துக்கும் பணம் வேண்டுமே! வட்டிக்காரனைத் தவிர வேறு கதவு இல்லாதவனுக்குச் சட்டப் புத்தகம் சோறு போடாது. இதைப் புரிந்துகொண்டு அவர் 1909-இல் ஒரு கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை ஆரம்பித்தார். நாட்டில் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தே அப்போது ஐந்து வருஷம்தான். ஊர் ஊராக மக்கள் சின்னச் சின்னத் தொகை சேமித்து, அதிலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கிற ஏற்பாடு. நெல் சேமிப்பும் கூட்டுறவுக் கடையும் பின்னால் வந்தன. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் என்பதால் 1915-இல் அவரை வெள்ளைக்கார அரசு நாட்டை விட்டு அனுப்பிவிட்டது. அவர் திரும்பி வரவே இல்லை. சங்கம் நின்றது.

ஒரு வங்கிக்காரனாக எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. நல்ல மனசோடு பணத்தை வாரிக் கொடுத்துவிட்டுப் போன பெரியவர்கள் ஏராளம், அவர்கள் போனதும் எல்லாம் போய்விடும். ஆரம்பித்த ஆளைத் திடீரென்று பிடுங்கி எடுத்த பிறகும் ஒரு சங்கம் நிற்கிறது என்றால், அங்கே உறுப்பினர் பதிவேடு சரியாக இருந்திருக்கிறது, விதிமுறை எழுத்தில் இருந்திருக்கிறது, உள்ளூர் ஆட்களுக்கு வேலை பழகியிருக்கிறது என்று அர்த்தம். இதைச் செய்யப் பக்தி மட்டும் போதாது.

அந்தக் காலத்தை விட இப்போது தேவை பல மடங்கு. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளிகளில் வேலை பார்க்கிற சிஸ்டர்கள், சாமியார்கள் சம்பளத்தை அப்படியே சபையிடம் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் வரி பிடிக்கக் கூடாது என்று சபைகள் வழக்குப் போட்டன. சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2019-இல் வரி உண்டு என்றது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சபைகளின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்துவிட்டது. தீர்ப்பு சரியா தப்பா என்று ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். எனக்கும் உண்டு, அது வேறு கட்டுரை. நடைமுறையில் என்ன ஆகிறது? பணம் சபைக்கு, வரி தனிநபருக்கு. ஒவ்வொரு சிஸ்டருக்கும் பான் அட்டை, படிவம் 16, வருஷா வருஷம் ரிட்டர்ன். சேமிப்பில் எதைக் கழிக்கலாம், பழைய முறையா புதிய முறையா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் தேவைக்கு மேல் வரி போகும், இல்லாவிட்டால் நோட்டீஸ் வரும்.

அடுத்தது வெளிநாட்டு நன்கொடைச் சட்டம். 2020 செப்டம்பரில் அதைத் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளை வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம் வரை எடுக்கலாம், இப்போது 20 சதவீதம்தான். வாங்கின பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. 2021 கிறிஸ்துமஸ் அன்று அன்னை தெரசாவின் சபைக்கே பதிவைப் புதுப்பிக்க மறுத்தார்கள். ஜனவரியில் திரும்பக் கிடைத்தது என்பது வேறு விஷயம். உலகமே அறிந்த சபைக்கு அந்த நிலை என்றால், நம் பக்கத்து மலையடிவாரத்தில் ஊனமுற்ற பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிற சின்னச் சபை என்ன செய்யும்? ஒரு படிவம் தேதி தவறினால் சாப்பாட்டுச் செலவு நின்றுபோகும். வெளியே ஆடிட்டர் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஆடிட்டர் சொல்வதைப் புரிந்துகொண்டு திருப்பிக் கேள்வி கேட்க உள்ளே ஓர் ஆள் வேண்டாமா?

இதெல்லாம் சொன்னதும், "அப்போ மடத்துக்குப் போயும் ஆபீஸ் வேலைதானா?" என்று அந்தப் பெண்ணின் அத்தை கேட்டார். நல்ல கேள்வி. இங்கேதான் எனக்கும் சில தயக்கங்கள் உண்டு.

சபையில் சேருகிற யாரும் தலைமைக் கணக்கர் பதவிக்கு விண்ணப்பம் போடவில்லை. நொவிஷியேட்டில் முதல் வேலை பாத்திரம் கழுவுவதாக இருக்கலாம், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருக்கலாம். வார்த்தைப்பாடு முடிந்ததும் வட மாநிலக் கிராமம் ஒன்றில் பாலர் பள்ளிக்கு அனுப்பினாலும் போகத்தான் வேண்டும். என் திறமைக்கு ஏற்ற இடம் கொடுத்தால்தான் இருப்பேன் என்கிறவருக்கு வெளியே நல்ல சம்பளத்தில் நல்ல வேலைகள் இருக்கின்றன. அந்தப் பெண் ஒரு தடவை என்னிடம் சொன்னாள்: "தாத்தா, அவங்க என்னை கணக்கு எழுதவே விடலன்னாலும் நான் போவேன்." இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.

மறுபக்கமும் உண்டு. சபைகள் இப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து முப்பது வருஷம் எழுப்பாமல் விட்டுவிடக் கூடாது. நோயாளியைப் பார்க்காத, ஹாஸ்டல் பிள்ளையோடு பேசாத பொருளாளருக்கு எண்கள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அப்புறம் ஃபீஸ் கட்டாத பிள்ளை பாக்கிப் பட்டியலில் ஒரு வரியாகிவிடும். அப்படி நடக்கிற பள்ளிக்கூடங்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? கட்டடம் உயர்ந்துகொண்டே போகும், ஏழைப் பிள்ளை உள்ளே வர முடியாது. ஆறாம் நூற்றாண்டிலேயே ஆசீர்வாதப்பர் தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கில் பண்டகசாலைப் பொறுப்பாளருக்கு ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். மடத்துச் சட்டி பானையைக்கூடப் பீடத்துப் பாத்திரம் மாதிரி மதிக்க வேண்டும், கேட்கிறவருக்குக் கொடுக்க ஒன்றுமில்லாவிட்டால் நல்ல வார்த்தையாவது கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கவுண்டரில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், இரண்டாவதுதான் கஷ்டம்.

சேர விரும்புகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு நடைமுறைச் சேதி. தீர்க்க முடியாத கடன் இருப்பவரை நொவிஷியேட்டில் சேர்க்கக் கூடாது என்பது சபைச் சட்டம். கல்விக் கடன் வாங்கிப் படித்த பிள்ளை என்றால் முதலில் அதைக் கட்டி முடித்து, பாக்கி இல்லை என்ற சான்றிதழை வங்கியில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அப்பாவோ மாமாவோ ஜாமீன் போட்டிருப்பார்கள். பிள்ளை மடத்தில் நிம்மதியாக ஜெபம் செய்ய, இங்கே அவர்களுக்கு வங்கியிலிருந்து போன் வரக் கூடாது. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் தன் பேரில் உள்ள சொத்தின் நிர்வாகத்தை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். நகையோ நிலமோ இருந்தால் குடும்பத்தில் உட்கார்ந்து இப்போதே பேசிவிடுவது நல்லது.

கடைசியாக, எனக்கு இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு வேகம் என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் உபதேசியார். பேர், ஊர் வேண்டாம். முப்பத்திரண்டு வருஷம் ஒரே பங்கில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து, அடக்கப் பூசைக்கு மணி அடித்து, சாமியார் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்தியவர். ஓய்வு பெற்ற அன்று சால்வையும், சட்டம் போட்ட படமும், ஒரு கவரில் பத்தாயிரம் ரூபாயும் கொடுத்தார்கள். அவருக்குப் பி.எஃப். கணக்கே கிடையாது. எட்டுப் பங்குச்சாமியார்கள் மாறியிருந்தார்கள். எட்டுப் பேரும் நல்லவர்கள், அவர் வீட்டுக் கஷ்டத்துக்குக் கைக்காசு கொடுத்தவர்களும் உண்டு. மாதம் ஒரு சின்னத் தொகையை அவர் பேரில் ஒதுக்கி, பங்கின் பங்காக அதே அளவு போட்டு, 8 சதவீத வட்டியில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆரம்பத்திலிருந்தே மாதம் இருநூறு ரூபாய் என்று வைத்தால்கூடக் கூட்டு வட்டியோடு மூன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. இப்போது அவர் ஒரு ஜவுளிக்கடையில் ராத்திரி வாட்ச்மேன். வயது அறுபத்தெட்டு.